பறவைச் சாடியைத் தட்டியவள்

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசைக்கு வருகிற சனத்தில் பாதிப்பேர், யூஜினி குரூஸ் ஏதோ ஆராய்ச்சியாளர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். பாடன் நகரத்து மியூசியத்தில் வேலை, கருநீலக் கோட்டு, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை. இவ்வளவும் இருந்தால் வேறு என்னதான் நினைப்பார்கள்? அவளும் அந்த எண்ணத்தைக் கலைக்கப் போகவில்லை. யாராவது "அக்கா, அங்க உங்களுக்கு என்ன வேலை?" என்று முகத்துக்கு நேரே கேட்டால் மட்டும், "பழைய சாமானுகளைப் பாக்கிறது" என்பாள். அது பொய்யில்லை. காலை பத்து மணி தொடக்கம் மாலை ஐந்து மணிவரை அவள் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

யாராவது கண்ணாடிப் பெட்டிக்குக் கிட்டப் போனால் "பிற்ற நிக்ற் பெறூரன்" என்று சொல்ல வேண்டும். தயவுசெய்து தொட வேண்டாம் என்பதற்கு அதுதான் ஜெர்மன். பன்னிரண்டு வருடமாக இந்த மூன்று சொல்லையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும், பென்சன் எடுத்த ஆசிரியர்களுக்கும், ஒருமுறை ஒரு மந்திரிக்கும்கூடச் சொல்லியிருக்கிறாள். மந்திரி கையை எடுத்துவிட்டார். அந்தக் கதையைப் பூசைக்குப் பிறகு தேநீர் குடிக்கும்போது அவள் எத்தனை தரம் சொன்னாள் என்பதைக் கணவன் றேமன்ட்தான் சொல்ல வேண்டும்.

மியூசியம் என்று பெரிதாகச் சொன்னாலும் அது ஒரு நெசவாலை முதலாளி விட்டுப்போன வீடு. மனிதருக்கு மண்பாத்திரத்தில் பைத்தியம். ஆசியா முழுக்க அலைந்து வாங்கிக் குவித்துவிட்டு, பிள்ளை குட்டி இல்லாமல் போய்ச் சேர்ந்தார். இரண்டாம் மாடி மூன்றாம் அறையில் அவருடைய செல்லப் பொருள் இருந்தது. பட்டுப்பாதையில், ஆமு நதிக்கு அப்பால், ஒட்டகக் கூட்டங்கள் தங்கிப் போன ஏதோவொரு வணிகர் ஊரில் தோண்டி எடுத்த சாடி. வெள்ளைப் பூச்சின்மேல் கபில நிறத்தில் ஒரு பறவை. அதன் அலகில் ஒரு இலை. வயிற்றைச் சுற்றி மாதுளம்பழங்கள். கழுத்தில், உடையவருக்கு நலம் உண்டாகட்டும் என்று அரபு எழுத்தில் ஒரு வாழ்த்து. ஆயிரம் வருடத்துப் பழசு. நகரத்து பஸ் தரிப்பிடங்களில்கூட அந்தப் பறவையின் படத்தை ஒட்டியிருந்தார்கள். கீழே பெரிய எழுத்தில்: "ஆயிரம் ஆண்டுகள். ஒரு கீறல்கூட இல்லை."

யூஜினிக்கு அந்தப் பறவையோடு ஒரு மனத்தாங்கல் உண்டு. அதன் தலை ஒரு பக்கம் பார்க்க, உடம்பு வேறொரு பக்கம் போக நினைத்தது மாதிரி இருக்கும். அந்தக் காலத்து ஆட்களுக்குப் படம் கீறத் தெரியாது போல என்று விட்டுவிட்டாள். எல்லோரும் அதற்கு முன்னால் நின்று பெருமூச்சு விடும்போது, கீறினது பிழை என்று தெரிவது தனக்கு மட்டும்தானா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

மியூசியத்துக்கு வருமுன் அவள் இன்டர்லாக்கனில் ஒரு பெரிய ஹோட்டலின் சமையலறையில் பத்தொன்பது வருடம் பாத்திரம் கழுவியவள். மன்னாரிலிருந்து வந்து, அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வராமல், "ஓம்", "இல்லை", "நன்றி" என்று மூன்றே மூன்று ஜெர்மன் சொற்களோடு அந்த ஈர அறைக்குள் நுழைந்தாள். முதல் வருட மார்கழியில் ஒரு பரிசாரகன் தட்டமும் தானுமாகச் சறுக்கி விழுந்து பதினான்கு சூப் கோப்பைகளை உடைத்தான். சமையலறைச் சுவரில் உடைவுப் பட்டியல் என்று ஒரு தாள் தொங்கும். என்ன உடைந்தது, எப்போது உடைந்தது, உடைத்தவர் யார் என்று அதில் நிரப்ப வேண்டும். அந்தப் பரிசாரகன் தலைமைச் சமையற்காரரின் மைத்துனன். சமையற்காரர் தாளை எடுத்து ஏதோ எழுதி அவளிடம் நீட்டினார். "வெறும் கையெழுத்துத்தான். ஒரு ஒழுங்குக்கு," என்றார். அவள் "நன்றி" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். நன்றி வேறு!

தாளில் என்ன எழுதியிருந்தது என்று மூன்று நாள் கழித்து ஒரு போர்த்துக்கேயப் பெண் கைச்சாடையில் விளங்கப்படுத்தினாள். அன்றைக்கு யூஜினி கழுவும் தொட்டிக்குமேல் குனிந்து அழுதாள். மறுத்துச் சொல்லச் சொல்லும் இல்லை, விசாவும் இல்லை. வேலையை விட்டால் விண்ணப்பத்துக்குக் கேடு வருமோ என்ற பயம் வேறு. பிறகு அவள் ஜெர்மன் படித்தாள், விசா கிடைத்தது, வருடங்கள் போயின. ஆனாலும் பத்தொன்பது வருடமும் அந்தச் சமையலறையில் அவளுடைய பெயர் "பதினான்கு கோப்பை" தான். பிரியாவிடை அன்றைக்கு முதலாளி அதைச் சொல்லிச் சிரித்து, நினைவுப் பரிசாக ஒரு சூப் கோப்பை கொடுத்தார். அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து அந்தக் கோப்பையைக் குப்பையில் போட்டாள்.

ஆனால் அந்தக் கையெழுத்துக்குப் பிறகு அவளிடம் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. கழுவ வருகிற ஒவ்வொரு பாத்திரத்தையும் முதலில் விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டுவாள். சந்தையில் சட்டி வாங்கப் போகிற பெண்கள் எல்லாரும் செய்கிற வேலைதான். முழுப் பாத்திரம் ணங்கென்று பேசும். விரிசல் விட்டது டொக்கென்று வாயை மூடிக்கொள்ளும். டொக்கென்றதைத் தண்ணீரில் போடுமுன்பே எடுத்து, சமையற்காரரின் கண்ணுக்கு முன்னால் கொண்டுபோய் வைப்பாள். இது நான் உடைத்ததில்லை, வரும்போதே இப்படித்தான் வந்தது என்று அர்த்தம். ஒரு நாளைக்கு ஆயிரம் பாத்திரம் என்று கணக்குப் பாருங்கள். அந்த விரலுக்கு எவ்வளவு படிப்பு இருக்கும்!

போன வருடம் சித்திரை மாதத்து ஒரு திங்கட்கிழமை அந்தப் படிப்பு வினையாகிப் போனது. திங்களில் மியூசியம் பூட்டு. பெட்டிகளைத் துப்புரவு செய்கிற நாள். பொருட்களைத் தூக்கி வைக்கிற தொழில்நுட்பக்காரருக்குக் காய்ச்சல் என்பதால், இயக்குநர் டொக்டர் இங்கோல்ட் யூஜினியைக் கூப்பிட்டார். நெட்டையான, சுத்தமான மனிதர். சின்னவிரலில் குடும்ப முத்திரை பதித்த ஒரு தடித்த மோதிரம். பறவைச் சாடியைப் பற்றி நூறு பக்கத்தில் புத்தகம் எழுதியவர்.

"கையுறை போடுங்கள், ஃப்ராவ் குரூஸ். இரண்டு கையாலும் பிடியுங்கள். மூச்சைக்கூட மெதுவாக விடுங்கள்," என்றார். ஃப்ராவ் என்றால் ஜெர்மனில் திருமதி.

அவள் கையுறை போட்டாள், பிடித்தாள், மூச்சையும் மெதுவாக விட்டாள். சாடியை மெத்தை விரித்த மேசையில் பூப்போல வைத்தாள். அவ்வளவோடு நின்றிருக்கலாம். ஆனால் பாத்திரம் ஒன்று கைக்கு வந்து, கீழே வைத்தாயிற்று. வலது கை தன் பாட்டுக்கு மடங்கி, பறவையின் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டியது.

டொக்.

"ஐயோ, இது உடைஞ்சது," என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள். முதலில் தமிழில். பிறகு, டொக்டருக்கும் விளங்கட்டும் என்ற நல்ல மனதில், தெளிவான ஜெர்மனில்.

டொக்டர் இங்கோல்டின் முகத்தில் இரத்தம் இல்லை. கொஞ்ச நேரம் சாடியைப் பார்த்தார், அவளுடைய விரலைப் பார்த்தார், கூரை மூலையில் இருந்த கமராவைப் பார்த்தார். "நீங்கள் அதைத் தட்டினீர்கள்," என்றார்.

"ஓம், டொக்டர். ஆனால் அது முதலே உடைஞ்சது. சத்தத்தில தெரியுது."

"அது உடையாத பாத்திரம். பட்டியலில் அப்படித்தான் இருக்கிறது. புத்தகத்திலும் இருக்கிறது." தான் எழுதிய புத்தகம் என்பதை அவர் சொல்லவில்லை. "இப்போது அதில் விரிசல் இருப்பதாக நீங்களே சொல்கிறீர்கள். தட்டியதும் நீங்கள். அப்படியென்றால்?"

விரிசல் இருப்பதற்கு உலகத்தில் ஒரேயொரு சாட்சி யூஜினி. அதை உண்டாக்கியிருக்கக்கூடிய ஒரே ஆளும் அவள். வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தச் சாடி இன்னும் ஆயிரம் வருடம் கீறல் இல்லாமல் இருந்திருக்கும்.

பின்னேரமே ஒரு படிவம் வந்தது. சேத அறிக்கை. என்ன சேதம், எப்போது நடந்தது, சேதத்துக்குக் காரணமானவர் யார். மூன்றாவது கட்டத்தில் அவளுடைய பெயரைத் தட்டச்சிலேயே அடித்திருந்தார்கள். டொக்டர் கோபப்படவில்லை, அவருக்குக் கோபப்படத் தெரியாது. "கையெழுத்துப் போட்டால் ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்துவிடும். உங்கள் வேலைக்கு ஒன்றும் வராது. போடாவிட்டால் நிர்வாக சபைதான் முடிவெடுக்க வேண்டும். வியாழக்கிழமை கூட்டம்." பேனாவை நீட்டினார். "வெறும் கையெழுத்துத்தான், ஃப்ராவ் குரூஸ். ஒரு ஒழுங்குக்கு."

முப்பது வருடம் கழித்து, வேறொரு ஊரில், வேறொருவரின் வாயில், எழுத்துப் பிசகாமல் அதே வசனம். படிவத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டாள்.

டீட்டிகோனில் வீட்டுச் சமையலறையில் றேமன்ட் படிவத்தை இரண்டு தரம் வாசித்தார். பக்கத்துப் பொதிக் களஞ்சியத்தில் வேலை செய்கிறவர். படிவம் என்றால் அவருக்குத் தனி மரியாதை.

"நீர் ஏன் அதைப் போய்த் தட்டினனீர்? சட்டி வாங்கவோ போனனீர்?"

"நான் தட்டேல்லை. கை தட்டிப்போட்டுது."

"இஞ்சாரும், பென்சனுக்கு இன்னும் மூண்டு நாலு வரியம்தான். வச்சுவிடும். வேலை போனா அறுபது வயசில உமக்கு ஆர் வேலை தாறது? ஒரு கையெழுத்துத்தானே."

"ஒரு கையெழுத்துத்தான்," என்றாள் யூஜினி. "ஒரு கையெழுத்துக்குப் பத்தொன்பது வரியம் பதினாலு கோப்பையா இருந்தனான். இனி இஞ்ச சாடியை உடைச்சவளா இருக்கோணுமோ? கோவிலில சனம் கேட்டா என்னெண்டு சொல்லுறது?"

றேமன்டுக்கு அந்தக் கதை தெரியும். படிவத்தை மடித்து அவளிடமே நீட்டினார். மகள் லேயாதான் தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினாள். அவள் பாடனில் ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளர். "அம்மா, நீங்கள் உடைச்சனீங்களோ?"

"இல்லை."

"அப்ப ஏன் கையெழுத்து? எங்கட டொக்டர் பல்லைத் தட்டித்தான் பாக்கிறவர். ஆனா தட்டினதை ஒருத்தரும் நம்பாயினம். பிறகு எக்ஸ்றே எடுத்துத்தான் காட்டுறது. சாடிக்கும் எக்ஸ்றே எடுக்கச் சொல்லுங்கோ."

வியாழக்கிழமை நிர்வாக சபையின் நீண்ட மேசையில் ஏழு பேர் இருந்தார்கள். தலைவி ஃப்ராவ் ஷெர்ரர், செத்துப்போன முதலாளியின் தங்கை மகள், எண்பது வயது, காது கொஞ்சம் மந்தம். டொக்டர் இங்கோல்ட் நடந்ததைப் பத்து நிமிடத்தில் விளக்கினார். எல்லாம் உண்மை. உண்மையை அவ்வளவு ஒழுங்காக அடுக்கினால் எப்படி ஒரு பொய்யாகிவிடுகிறது என்று யூஜினி வியந்துகொண்டு இருந்தாள்.

"சத்தத்தில் விரிசல் தெரியுமா?" என்று ஃப்ராவ் ஷெர்ரர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக் கேட்டார்.

"தெரியும்," என்றாள் யூஜினி. மேசை நடுவில் ஒரு தட்டத்தில் ஆறு வெறும் கோப்பிக் கப்புகள் கவிழ்ந்திருந்தன. முதலாளி வீட்டுப் பழைய பீங்கான், பொன்விளிம்பு. அவள் எழுந்தாள். "இதுகளைத் தொடலாமோ?"

பன்னிரண்டு வருடத்தில் அந்த வீட்டில் அவள் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. தலைவி தலையசைத்தார். யூஜினி ஒவ்வொன்றாக நிமிர்த்தி, விரலை மடக்கித் தட்டினாள். ணங். ணங். ணங். ணங். ஐந்தாவது, டொக். ஆறாவது, ணங். ஐந்தாவதைத் தலைவிக்கு முன்னால் வைத்தாள். "இது வெடிச்சது."

ஃப்ராவ் ஷெர்ரர் கப்பை யன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. டொக்டர் இங்கோல்ட் மெல்லப் புன்னகைத்தார். கிழவி கப்பில் கோப்பியை நிறைய ஊற்றி, கையில் அகப்பட்ட வெள்ளைத் தாள் ஒன்றின்மேல் வைத்துவிட்டு, அடுத்த விடயத்துக்குப் போகச் சொன்னார். கூரைத் திருத்தம் பற்றிப் பேசினார்கள். கால் மணித்தியாலம் கழித்துக் கப்பைத் தூக்கியபோது தாளில் கபில நிறத்தில் ஒரு வளையம் ஊறியிருந்தது. அந்தத் தாள், யூஜினி கையெழுத்துப் போடாமல் கொண்டுவந்து வைத்த சேத அறிக்கை.

"நாற்பது வருடமாக இந்தக் கப்பில் குடிக்கிறேன்," என்றார் ஃப்ராவ் ஷெர்ரர். "மேசைவிரிப்புக் கறைக்கு வேலைக்காரியைத்தான் ஏசிக்கொண்டிருந்தேன்."

"கப் வேறு, கலைப்பொருள் வேறு," என்று டொக்டர் தொடங்கினார்.

"எக்ஸ்றே எடுத்துப் பாக்கலாம்," என்றாள் யூஜினி. மகள் சொல்லிக்கொடுத்த ஜெர்மனை அவள் ரெயிலில் ஏழெட்டுத் தரம் சொல்லிப் பார்த்திருந்தாள்.

அந்தளவு பெரிய சாடிக்கு எக்ஸ்றே எடுக்கக்கூடியவர் யார் என்று தேடியதில், ஃப்ராவ் ஷெர்ரரின் பெறாமகன், கூடப்பிறந்தவளின் மகன், அகப்பட்டார். குதிரை வைத்தியர். இப்படியாக, பட்டுப்பாதையின் பெருமை, ஒரு நொண்டிக் குதிரைக்கும் ஒரு கர்ப்பிணிக் கழுதைக்கும் நடுவில் தன் முறைக்குக் காத்திருந்து படம் எடுத்துக்கொண்டது.

படத்தில் எல்லாம் வந்தது. சாடியில் முப்பத்தொரு துண்டுகள். அவையும் ஒரு சாடியின் துண்டுகள் அல்ல. குறைந்தது மூன்று சாடிகள். எழுபது வருடத்துக்கு முன் யாரோ ஒரு கெட்டிக்காரத் தரகர், உடைசல்களைப் பசைபோட்டு ஒட்டி, இடைவெளியைச் சாந்தால் நிரப்பி, மேலே வர்ணமும் பூசி முதலாளியின் தலையில் கட்டியிருக்கிறார். பறவையின் தலை ஒரு சாடியில் இருந்தது. உடம்பு இன்னொன்றில் இருந்தது. யூஜினி அந்தப் படத்தைப் பார்த்ததும் பறவையின்மேல் இருந்த மனத்தாங்கலை விட்டாள். பாவம், அது வேறு வேறு திசைக்குப் போக நினைத்ததில் ஒரு நியாயம் இருந்திருக்கிறது.

இனி டொக்டர் தலைகுனிந்து போவார் என்று நினைத்தீர்களானால், உங்களுக்கு மியூசியங்களைத் தெரியாது. இரண்டு மாதத்தில் பஸ் தரிப்பிடங்களில் புதிய சுவரொட்டி வந்தது. "மூன்று சாடிகள். ஒரு பறவை. கேட்டுப் பாருங்கள்." பத்திரிகையில் அரைப் பக்கக் கட்டுரை. ஒரு வழமையான துப்புரவின்போது சாடியின் ஒலியில் ஏற்பட்ட ஐயம் பெரியதொரு கண்டுபிடிப்புக்கு இட்டுச்சென்றது என்று எழுதியிருந்தார்கள். ஐயம் யாருக்கு ஏற்பட்டது என்று எழுதவில்லை. படத்தில் டொக்டர் இங்கோல்ட் சாடிக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். ஓரத்தில் ஒரு கருநீலக் கோட்டின் கை மட்டும் தெரிந்தது.

வேலை போகவில்லை. சேத அறிக்கை கிழிக்கப்பட்டது. ஆனால் எச்சரிக்கைக் கடிதம் அவளுடைய கோப்பில் அப்படியே இருந்தது. ஏனென்றால் உடைக்காவிட்டாலும் தொட்டது தொட்டதுதானே. அதன்படி யூஜினி இனி எந்தக் காட்சிப்பொருளுக்கும் ஒரு மீற்றருக்குள் போகக் கூடாது. அதற்கு அவள் கையெழுத்துப் போட்டாள். அது உண்மை என்பதால், முழுதும் வாசித்துவிட்டுப் போட்டாள்.

"அக்கா, பேப்பரில உங்கட மியூசியம் வந்திருக்கு," என்று பூசைக்குப் பிறகு கஜலக்சுமி ஓடிவந்தாள். அவள் இந்து என்றாலும் பாட்டுக்காகவும் தேநீருக்காகவும் தவறாமல் வருகிறவள். "அந்தச் சத்தத்தைக் கண்டுபிடிச்சது உங்கட டொக்டராமே?"

"ஓம்," என்றாள் யூஜினி. "அவருக்குச் சரியான காது." றேமன்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவருடைய காலை மிதித்தாள். மந்திரி கையை எடுத்த கதையை இவ்வளவு நாளும் சொன்னவள், இதை மட்டும் சொல்லாமல் விட்டதற்குக் காரணம் அடக்கமில்லை. அவளுக்கு உண்மையாகவே நெஞ்சு நொந்திருந்தது.

ஆவணியிலிருந்து புதன்கிழமைகளில் "கேட்கும் சுற்றுலா" தொடங்கியது. டொக்டரே நடத்தினார். பறவைச் சாடியைப் போலவே ஒரு குயவரிடம் செய்வித்த புதுச் சாடி ஒன்று மேசையில் இருக்கும். டொக்டர் விரலை மடக்கி, மோதிரக் கையாலே ஓங்கித் தட்டுவார். ணங். "இதுதான் முழுமையான பாத்திரத்தின் குரல்," என்பார். சனம் கண்ணை மூடிக் கேட்கும். யூஜினி ஒரு மீற்றருக்கு அப்பால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். மோதிரத்தால் தட்டக் கூடாது என்று ஒருமுறை சொன்னாள். அவர் தலையசைத்து, காதில் போட்டுக்கொள்ளாமல் போய்விட்டார்.

கார்த்திகை மாதத்து ஒரு புதன்கிழமை, இருபது பேர் முன்னால் டொக்டர் தட்டினார்.

டொக்.

"இதுதான் முழுமையான பாத்திரத்தின் குரல்," என்றார். இருபது பேரும் கண்ணை மூடி ரசித்தார்கள். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்தார்.

எல்லாரும் போன பிறகு யூஜினி சொன்னாள். "டொக்டர், அது உடைஞ்சிட்டுது."

அவர் சாடியை வெளிச்சத்துக்குத் தூக்கினார். வாயிலிருந்து வயிறுவரை, மயிர்போல ஒரு கோடு. அவர் கேட்ட முதல் கேள்வி, "நீங்கள் இதைத் தட்டினீர்களா?"

"நான் ஒரு மீற்றருக்கு அங்கால," என்றாள் அவள். கமராவைக் காட்டினாள்.

சுற்றுலாவுக்குச் செய்வித்த புதுச் சாடி என்றாலும் மியூசியத்தின் உடைமை, விதி விதிதான். சேத அறிக்கையை அன்றைக்கு அறையில் கடமையில் இருக்கிறவர் நிரப்ப வேண்டும். அன்றைக்குக் கடமையில் இருந்தது யூஜினி. அவள் காரியாலயத்தில் இருந்து படிவத்தை எடுத்துவந்து, யன்னலோரக் கதிரையில் இருந்துகொண்டு, அவசரப்படாமல் எழுதினாள். என்ன சேதம்: விரிசல். எப்போது நடந்தது: பல புதன்கிழமைகளாக. சேதத்துக்குக் காரணமானவர்: டொக்டர் இங்கோல்ட். எழுத்துக்கள் அச்சில் வார்த்தது மாதிரி இருந்தன.

டொக்டர் தாளை வாங்கி மூன்றாவது கட்டத்தைப் பார்த்தார். காது மடல் சிவந்தது. "இது அவசியமா, ஃப்ராவ் குரூஸ்?" என்றார். வேகமாகக் கையெழுத்தைப் போட்டு முடித்துவிடலாம் என்று பேனாவுக்குக் கையை நீட்டினார்.

யூஜினி பேனாவைக் கொடுக்கவில்லை.

"முதலில் முழுதும் வாசியுங்கள், டொக்டர்," என்றாள். "நான் நிற்கிறேன்."